மைக்செட் பச்சமுத்து பிரசிடெண்டாக இருந்த காலம்

ஊத்துக்குப்பம் பஞ்சாயத்துக்குத் தலைவராக இருந்த காலம் முழுக்கப் பச்சமுத்துவுக்கு வயிறு சரியாக இருந்ததே இல்லை. கூட்டம் என்று தகவல் வந்த அன்றே தொப்புளுக்கு மேலே எரிய ஆரம்பித்துவிடும். ஜீப் சத்தம் கேட்டால் எரியும். தெருமுனையில் இரண்டு பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினால் எரியும். அவர் மனைவி ராஜாம்பாள் சீரகத்தை வறுத்துப் பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புவாள். அதை மென்றுகொண்டே அவர் உட்கார்ந்திருப்பார். பிரசிடெண்ட் சதா பாக்குப் போடுகிற ஆள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஊத்துக்குப்பம் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சங்கராபுரத்திலிருந்து வருகிற பஸ் அங்கே வந்துதான் திரும்பிப் போகும். அதற்கு மேலே மலைதான். பஸ் திரும்புகிற இடத்தில் பச்சமுத்துவுக்கு ஒரு மைக்செட் கடை இருந்தது. ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு கூம்புக் குழாய், ஒரு லாரி பேட்டரி, பாட்டு போட ஒரு பெட்டி. சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், தீமிதி எதுவானாலும் அவர்தான் குழாய் கட்டுவார். ஆனால் பாட்டுக்காக மட்டும் ஜனங்கள் அவரைக் கூப்பிடவில்லை. மைக்கைப் பிடித்தால் அவருக்கு அப்படி ஒரு குரல். கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல், மலைப்பாறையில் மோதித் திரும்பி வரும். சாவுச் சேதி சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். மாடு காணவில்லை என்று சொன்னால் சொந்த மாடு காணாமல் போனதுபோல் ஜனங்கள் தேடக் கிளம்புவார்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் அவரையே பேச வைப்பார்கள். காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் அடுத்த கட்சிக்கும் அதே கணீர்க் குரலில் ஓட்டுக் கேட்பார்.

மைக்கைக் கீழே வைத்துவிட்டால் அவர் வேறு ஆள். நாலு பேர் எதிரே நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரனிடம் மீதி கேட்கக்கூட ராஜாம்பாளைத்தான் அனுப்புவார்.

எண்பத்தாறில், பல வருஷமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் திடீரென்று வந்தது. ஊரில் இரண்டு பெரிய கைகள். ஒன்று பழைய மணியக்காரர் வீடு. இன்னொன்று ரைஸ்மில் வைத்திருந்த வீரமுத்து, பச்சமுத்துவுக்குப் பங்காளி முறை, வயதில் சின்னவன். இவன் நின்றால் அவர் விடமாட்டார், அவர் நின்றால் இவன் விடமாட்டான். இரண்டு பேரும் நின்றால் ஊர் இரண்டுபட்டு வெட்டுக்குத்து ஆகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் பச்சமுத்து. அவரால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது, அவர் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதுதான் காரணம்.

இந்தப் பேச்சுக்குக் கட்டுப்படாத ஒருவர் எதிரே மனுப் போட்டதால் ஓட்டும் நடந்தது. காலனிக்காரர்கள் பச்சமுத்துவுக்கு ஓட்டுப் போட்டதற்குக் காரணம் வேறு. ஊர்த்தெருவுக்குத் தெற்கே, கரும்புக் கொல்லைகளைத் தாண்டி இருந்தது காலனி. கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். அவர்கள் மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்கு வேறு மைக்செட்காரர்கள் வரமாட்டார்கள். பச்சமுத்து வருவார். பெரிய கொள்கை எதுவும் கிடையாது. கூப்பிட்ட இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இருந்ததில்லை, அவ்வளவுதான். வந்து பழகிய பிறகு அவர்கள் ஊற்றிய கூழையும் குடித்தார்.

ஓட்டு எண்ணிய அன்று அவர் சங்கராபுரத்தில் ஒரு டீக்கடையின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். தோற்றுவிட்டால் அவமானம், ஜெயித்துவிட்டால் அதைவிடக் கஷ்டம். வீரமுத்து தேடிக் கண்டுபிடித்து மாலையைப் போட்டான்.

"அண்ணே, இன்னா இங்க வந்து குந்திகினு இருக்கற? ஜெயிச்சிட்ட, எழுந்து வா."

"ஜெயிச்சிட்டனா?" என்று கேட்டுவிட்டுப் பச்சமுத்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

முதல் சோதனை யூனியன் ஆபீஸ் கூட்டம். எல்லாப் பஞ்சாயத்துத் தலைவர்களும் வரிசையாக எழுந்து தங்கள் ஊருக்கு வேண்டியதைக் கேட்டார்கள். பச்சமுத்து முறை வந்தபோது எழுந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஊத்துக்குப்பத்துக்கு வர வேண்டிய கைப்பம்பு பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஆம்ப்ளிபயரையும் பேட்டரியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். மேஜை மேல் மைக்கை நட்டு வைத்ததும் சிரிப்பு கிளம்பியது.

"இது இன்னாய்யா, தீமிதித் திருவிழாவா?" என்றார் ஒருவர்.

பச்சமுத்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். "மதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களே," என்று ஆரம்பித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. காலனிப் பெண்கள் ஓடைக்குப் போய் மணலைத் தோண்டித் தண்ணீர் எடுப்பதை, ஒரு சாவுச் சேதியைச் சொல்வதுபோல அவர் நிதானமாகச் சொன்னார். வாசலில் நின்றிருந்த டிரைவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கைப்பம்பு கிடைத்தது. ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று.

அன்று அவருடைய பஞ்சாயத்தில் அவரைப் பாராட்டிப் பேசிய ஒரே உறுப்பினர் சின்னப்பொண்ணு. காலனி வார்டிலிருந்து போட்டியில்லாமல் வந்தவள். கரும்பு வெட்டப் போகிற கைம்பெண். பேச்சில் பூசி மெழுகமாட்டாள். "பிரசிடெண்டு, நீங்க அந்தப் பொட்டிய எங்க போனாலும் தூக்கிகினே போங்க. அது இல்லன்னா நீங்க ஒண்ணுத்துக்கும் ஆவமாட்டீங்க," என்றாள். பச்சமுத்துவுக்கு அது பாராட்டா திட்டா என்று புரியவில்லை. ஆனாலும் ராத்திரி ராஜாம்பாளிடம் சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு ஒரே மகள், விஜயலட்சுமி. பன்னிரண்டாவது முடித்து, வாத்தியார் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். நல்ல மார்க். பள்ளிக்கூடத்தில் முதல் மூன்றுக்குள் வந்தவள். ஆனால் இடம் கிடைக்கவில்லை. அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கிய டவுன் பெண்ணுக்குக் கிடைத்தது என்று சொன்னார்கள். விஜயலட்சுமி அழவில்லை. பேசாமல் போய் அடுத்த நாளிலிருந்து அம்மாவுடன் களையெடுக்கக் கிளம்பினாள். களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அவள் போகும்போதெல்லாம் பச்சமுத்து ஆம்ப்ளிபயர் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகிக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்த்தெருக்காரர்களின் ஜாதிச் சங்கம் வேகமாக வளர்ந்தது. நம் ஜனத்துக்கு என்று தனி இட ஒதுக்கீடு வேண்டும், இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் காலத்துக்கும் கொல்லையிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று ஊர் ஊராகப் பேசினார்கள். ஊத்துக்குப்பத்தில் வீரமுத்துதான் சங்கத்துக்குத் தலைவன். பச்சமுத்து கூட்டங்களுக்குப் போனார். குழாயும் கட்டினார். மகளை நினைத்தபோது அந்தக் கோரிக்கையில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. இத்தனை கோபம் எங்கே போய் முடியுமோ என்று.

எண்பத்தேழு செப்டம்பரில் ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவாயிற்று.

"அண்ணே, நீதான் மைக்குல சொல்லணும். பிரசிடெண்டு சொன்னாதான் ஒருத்தன் பாக்கி இல்லாம வருவான்," என்றான் வீரமுத்து.

"நான் சொல்றம்பா. ஆனா அமைதியா..."

"அமைதியாதான். மரத்த வெட்டி ரோட்டுல போடறோம், குந்திக்கறோம். வேற இன்னா?"

பச்சமுத்து சொன்னார். அவர் குரல் அடிவாரத்து ஊர்களெல்லாம் கேட்டது. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சங்கராபுரம் ரோட்டில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பஸ் நின்றது. பால் வண்டி நின்றது. பேப்பர் வரவில்லை. ஒவ்வொரு மரம் விழும்போதும் மண் அதிர்வது கடைவரை தெரியும். அவர் கடைக்குள் உட்கார்ந்து சீரகம் மென்றார்.

ரேடியோவில் ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் சைக்கிளில் வருகிறவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். அங்கே துப்பாக்கிச் சூடு, இங்கே இத்தனை பேர் செத்தார்கள், எந்த ஊரிலோ காலனிக் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள். எது உண்மை, எது பொய் என்று தெரியவில்லை. தெரியாததே பெரிய பயமாக இருந்தது. ராஜாம்பாள் மகளை வீட்டைவிட்டு வெளியே அனுப்பவில்லை.

மறியலின் மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீரமுத்து கடைக்கு ஓடி வந்தான். அவன் பின்னால் ஒரு கூட்டம். சட்டை இல்லாமல், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் அரிவாளும் தடியுமாக. இரண்டு பேர் கையில் மண்ணெண்ணெய்த் தகரம்.

"அண்ணே, குழாயப் போடு. சுத்துப்பட்டு ஊரு ஆளுங்க எல்லாம் வரணும்."

"இன்னாப்பா ஆச்சு?"

"காலனிக்காரனுங்க நாம போட்ட மரத்த இழுத்துப் போட்டு போலீசுக்கு வழி வுட்டுகினு இருக்கறானுங்க."

நடந்தது அதுவல்ல. பச்சமுத்து காலையில் கண்ணாலேயே பார்த்திருந்தார். விழுந்த மரத்தின் சின்னக் கிளைகளை விறகுக்காகக் காலனிப் பெண்கள் இரண்டு மூன்று பேர் ஒடித்துக்கொண்டு போனார்கள். மரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"வெறவுக்கு... வெறவுக்குதாம்பா... மரம்..."

நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிரே இருந்த முகங்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. கல்யாணத்துக்குக் குழாய் கட்டிய வீடுகள். ஆனால் அந்த நேரத்தில் ஒரு முகமும் தெரிந்த முகமாக இல்லை.

"இன்னாண்ணே தெக்கித் தெணறிகினு! நீ சொல்றியா, இல்ல பொட்டிய நானே எடுக்கட்டுமா?"

"சொல்றேன்," என்றார் பச்சமுத்து.

மைக்கைக் கையில் எடுத்தார். குழாய் ஒன்று ஊர்த்தெருப் பக்கமும் இன்னொன்று காலனிப் பக்கமும் திரும்பித் தென்னைமரத்தில் கட்டியிருந்தது. பேட்டரி ஒயரைச் சொருகினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கே தெரியாது என்றுதான் பின்னாளில் ராஜாம்பாளிடம் சொன்னார். மைக்கின் இரும்பு உதட்டில் பட்டதும் குரல் தானாக வந்துவிட்டது.

"அன்பார்ந்த பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! இப்போது கிடைத்த அவசரச் செய்தி. மலையடிவார வண்டிப்பாதை வழியாக, துப்பாக்கி ஏந்திய போலீஸ் படை நமது ஊரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது! நான்கு வேன்களில் வந்துகொண்டிருக்கிறது! பொதுமக்கள் அனைவரும் உடனடியாகக் கலைந்து பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்!"

வண்டிப்பாதை என்று ஏன் சொன்னார் என்றால், மரம் போடாத வழி அது ஒன்றுதான். வேறு எந்த வழியைச் சொன்னாலும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

அதை இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லத் தேவைப்படவில்லை. கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. ஒருவன் தகரத்தைப் போட்டுவிட்டு ஓடினான், மண்ணெண்ணெய் ரோட்டில் ஓடியது. வீரமுத்துகூட ஓடினான். காலனியிலும் கேட்டிருக்கிறது. அங்கேயும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் போய் ஒளிந்தது அதே கரும்புக் கொல்லையில்தான். நடுவில் சில வரிசைக் கரும்பு. யார் மூச்சு விடுவது யாருக்கோ கேட்டபடி உட்கார்ந்திருந்தார்களாம்.

பஸ் திரும்புகிற இடம் காலியாகிவிட்டது. பச்சமுத்து மைக்கைப் பிடித்தபடியே நின்றார். கால் அசையவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று ஒரு நிமிஷம்தான் அவரால் நினைக்க முடிந்தது.

வெயில் தாழ ஆரம்பித்தது. ஒன்றும் வரவில்லை என்று ஒவ்வொருவராகக் கொல்லையை விட்டு வெளியே வந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மலையடிவார வண்டிப்பாதையில் புழுதி கிளம்பியது. உண்மையாகவே போலீஸ். மரம் போடாத வழி அது ஒன்றுதான் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

தடியடி. ஓட ஓட அடித்தார்கள். வீரமுத்துவுக்கு வலது கை முறிந்தது. கிடைத்தவர்களையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். மறியலுக்கு மைக்கில் அழைத்தவர் என்பதால் பச்சமுத்துவையும் ஏற்றினார்கள். ஆம்ப்ளிபயரும் குழாயும் லாரியிலேயே வந்தன. ராஜாம்பாள் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். ஏதோ கத்தினாள், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

லாரிக்குள் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நெருக்கியடித்துக்கொண்டு அந்தக் கோடியில் உட்கார்ந்தார்கள். தொங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வீரமுத்து அவரையே பார்த்தான்.

"போலீசு வரப்போவுதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பச்சமுத்து வாயைத் திறந்தார்.

"வண்டிப்பாதைல வரும்னு பாதை மொதக்கொண்டு சொன்னியே. யார்ரா ஒனக்குச் சொன்னது?"

அண்ணே என்று கூப்பிட்ட வாய் இப்போது 'யார்ரா' என்றது. அது முறிந்த கை வலியில் வந்த வார்த்தை இல்லை என்று பச்சமுத்துவுக்குத் தெரிந்தது.

இதற்கு என்ன பதில் சொல்வது? போலீஸ் வருவது எனக்குத் தெரியாது, நான் பொய்தான் சொன்னேன் என்று சொல்லலாம். அப்படியானால் ஏன் பொய் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். காலனியைக் காப்பாற்ற என்றால், சொந்த ஜனத்துக்கு எதிராக நின்றவன் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் போலீசுக்கு ஆள்காட்டி. லாரி குலுங்கக் குலுங்க இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான்.

ஸ்டேஷனில் அவரைத் தனியே கூப்பிட்டார்கள். மரம் வெட்டியவர்கள் யார் யார் என்று பெயர் சொன்னால் அவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். பிரசிடெண்ட் என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு மரியாதை குறைந்தது. பச்சமுத்து வாயே திறக்கவில்லை. எத்தனை அழுத்தம் இந்த ஆளுக்கு என்று அதிகாரி மேஜையைத் தட்டினார். அது அழுத்தமா, வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டதா என்று பச்சமுத்துவுக்கே தெரியாது. வாழ்நாள் முழுக்க அதை யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை என்பது மட்டும் நிஜம்.

ஜாமீனில் வெளியே வந்தபோது ஊர் மாறியிருந்தது. அவர் டீக்கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. மைக்செட்டைத் திருப்பி வாங்கியும் யாரும் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து வேறு செட் வரவழைத்தார்கள். அந்தக் குழாயில் பாட்டு கேட்கும்போதெல்லாம் ராஜாம்பாள் கதவைச் சாத்திக்கொள்வாள். "ராஜினாமா பண்ணிட்டு வந்துடுங்க," என்றாள் ஒரு நாள். "நமக்கு எதுக்கு இந்த வம்பு? பொண்ணக் கட்டிக் குடுக்க வேணாமா?"

"ராஜினாமா குடுத்தா, செஞ்ச தப்புக்குதான் போறான்னு சொல்லுவாங்களேமே."

"குடுக்கலன்னா மட்டும் இன்னா சொல்றாங்களாம்?"

அவர் ராஜினாமா கொடுக்கவில்லை.

கடைசியில் அவருக்குச் சோறு போட்டது மலைதான். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், கரண்ட் போகாத மலையூர்களில் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் வேண்டுமென்று ஆள் அனுப்பினார்கள். பேட்டரியை ஒருவர் தலையில், ஆம்ப்ளிபயரை இவர் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போவார். மேலே யாருக்கும் மறியலும் தெரியாது, ஆள்காட்டியும் தெரியாது. தினைமாவும் தேனும் கொடுத்து, "இன்னொருக்கா பேசுங்க" என்று கேட்பார்கள். அங்கே தங்குகிற இரண்டு மூன்று நாள் அவர் வயிறு எரியாது. இறங்கி வரும்போது, புளியமரங்கள் இல்லாத ரோடு மொட்டையாகக் கண்ணில் பட்டதும் மறுபடி எரிய ஆரம்பிக்கும்.

பஞ்சாயத்துக் கூட்டம் போட்டால் ஊர்த்தெரு உறுப்பினர்கள் வரமாட்டார்கள். சின்னப்பொண்ணு மட்டும் வருவாள். ஆள் போதாததால் தீர்மானம் போட முடியாது. காலியான பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். அப்படி ஒரு நாள் அவள் கேட்டாள்.

"அன்னிக்கி போலீசு வர்றத ஒங்களுக்கு யாருங்க சொன்னது?"

பச்சமுத்து காலிப் பெஞ்சுகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "யாரும் சொல்லலம்மா," என்றார். அவளை அவர் அம்மா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "பொய்யி. வாய்க்கு வந்தத சொன்னேன். அது நெசமாயிட்சி."

சின்னப்பொண்ணு வாய்விட்டுச் சிரித்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும் பிரசிடெண்டு. எல்லாரும் ஓடனப்ப நான் கொல்ல ஓரத்துல நின்னு பாத்தேன். நீங்க மைக்க புடிச்சிகினு மரமாட்டம் நின்னுகினு இருந்தீங்க. நெசமா போலீசு வருதுன்னா மொத ஆளா ஓடறது நீங்கதான? நிக்கறாரே, அப்ப இது பொய்யின்னு நெனச்சிகினேன்."

"யாருகிட்டயும் சொல்லிடாத."

"ஏன் சொல்லக் கூடாது? போட்டுக்குடுத்தவன்னு ஒரு ஊரே பேசிகினு இருக்குது. நீங்க வாய மூடிகினு இருக்கறீங்க."

அவள் சொல்லிவிட்டாள். கைப்பம்படியில், ரைஸ்மில் வாசலில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அது அவருக்கு நல்லதாக முடியவில்லை. இதுவரை ஆள்காட்டி என்றவர்கள் இப்போது, காலனிக்காகச் சொந்தக்காரனை ஏமாற்றினவன் என்றார்கள். சிலர் இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். ஒருநாள் காலையில் கடைக் கதவில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். பச்சமுத்து தண்ணீர் கொண்டுவந்து கழுவினார். விஜயலட்சுமியும் வந்து கழுவினாள்.

மறியல் கேஸ் வருஷக்கணக்காக இழுத்தது. வாய்தாவுக்குக் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போக வேண்டும். கேஸில் பெயர் சேர்த்தவர்கள் எல்லாரும் ஒரே ஊர், ஒரே பஸ். பச்சமுத்து கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்காருவார். மற்றவர்கள் முன்னால் உட்காருவார்கள். கோர்ட்டு வராந்தாவிலும் அப்படியே. பெயர் கூப்பிடும்போது மட்டும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

ஒரு வாய்தா அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். பச்சமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன் சீட்டில் இருந்த வீரமுத்து, சரியாகக் கூடாமல் கோணிப்போன கையை மடியில் வைத்திருந்தான். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"ஒக்காரு."

அண்ணே என்று சொல்லவில்லை. பச்சமுத்து விளிம்பில் உட்கார்ந்தார். கோமுகி ஆற்றுப் பாலம் தாண்டியதும் வீரமுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அங்க ஒரு ஊருல குடிசைய கொளுத்துனாங்க இல்ல, அந்தக் கேசும் இன்னிக்கிதான். உள்ள ஒரு கெழவி மாட்டிகிச்சாம். அவனுங்களப் பாத்தேன் போன வாய்தாவுல. வெலங்கு போட்டு இட்டுகினு வந்தாங்க."

பச்சமுத்து அந்தக் கோணிப்போன கையைப் பார்த்தார்.

"நீ செஞ்சது தப்புதான்," என்றான் வீரமுத்து. "ஆனா..."

அந்த ஆனாவுக்குப் பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வந்தது, இறங்கிவிட்டான். ஆனா என்றால் என்ன என்று பச்சமுத்து பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்.

எண்பத்தொன்பதில் மிகவும் பிற்படுத்தப்பட்டவர்கள் என்று தனிப் பட்டியல் வந்து இட ஒதுக்கீடும் வந்தது. ஊரில் வெடி போட்டார்கள். விஜயலட்சுமி மறுபடி மனுப் போட்டாள், இந்தத் தடவை இடம் கிடைத்தது. பயிற்சிப் பள்ளிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்போது பச்சமுத்து பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மரம் வெட்டியவர்களின் கேஸ் இன்னும் முடியவில்லை. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் திரும்பி வரவில்லை. மகளுக்கு இடம் கிடைத்ததில் சந்தோஷப்படலாமா கூடாதா என்றுகூட அவருக்குக் கவலை.

பதவிக் காலம் முடிந்தது. கேஸும் ஒரு வழியாகத் தள்ளுபடியானது. அடுத்த தேர்தல் தொண்ணூற்றாறில்தான் வந்தது. மறுபடி நிற்கப்போகிறேன் என்று பச்சமுத்து சொன்னபோது ராஜாம்பாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒங்களுக்குப் பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிட்சா? பட்டது பத்தாதா?"

"ஓடிட்டான்னு பேரு வேணாம்மே. தோத்தா தோத்துட்டுப் போறேன்."

"தோக்கறதுக்குன்னே யாராவது நிப்பாங்களா?"

நின்றார். எதிரே நின்றவன் வீரமுத்துவின் தம்பி. மைக்செட் வைத்திருந்த மனிதர் தனக்காக மைக் கட்டவில்லை. கட்டினால் அன்றைக்குச் சொன்ன பொய்தான் எல்லாருக்கும் நினைவு வரும் என்று விட்டுவிட்டார். வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். சில வீட்டில் கதவு திறந்தது. சில வீட்டில் ஆள் இருந்தும் திறக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டபோது பேசாமல் நின்று கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

தோற்றார். பெரிய வித்தியாசத்தில் தோற்றார். காலனிப் பெட்டியில் அவருக்கு நல்ல ஓட்டு. அது எதிர்பார்த்ததுதான். ஊர்த்தெருப் பெட்டியைக் கொட்டியபோதுதான் அவர் எண்ணும் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒன்றுகூட விழாது என்று நினைத்திருந்தார். ஆனால் நடுவே நடுவே அவர் சின்னத்தில் முத்திரை விழுந்த சீட்டுகள் வந்தன. கொஞ்சந்தான். ஆனால் அவரும் ராஜாம்பாளும் போட்டதைவிட ஜாஸ்தி.

அதிலிருந்து அவருக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. யார் போட்டது? தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். டீக்கடையில் மூலையில் உட்கார்ந்திருக்கிறவனா? அந்தக் கதவைத் திறக்காத வீடா? ரைஸ்மில்லைத் தாண்டும்போது நடை மெதுவாகும். வீரமுத்து கணக்குப்பிள்ளையிடம் ஏதோ பேசிக்கொண்டிருப்பான், நிமிர்ந்து பார்ப்பான், மறுபடி குனிந்துகொள்வான். அவனாக இருக்குமா? சொந்தத் தம்பி நிற்கும்போது போடுவானா? கேட்கவும் முடியாது.

"ஊர்த்தெருவுல யாரோ போட்டுருக்காங்க ராஜாம்பா," என்றார் ஒரு மத்தியானம், நூறாவது தடவையாக.

"போட்டா போட்டுட்டுப் போறாங்க."

"யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"தெரிஞ்சா இன்னா பண்ணப் போறீங்க? போயி அவங்கள நெனச்சும் பயப்படப் போறீங்க. வந்து ஒக்காருங்க, கொழம்பு ஆறுது."

பச்சமுத்து வந்து உட்கார்ந்தார். முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டே வாசல் பக்கம் பார்த்தார். தெருவில் யாரோ போனார்கள்.